புலி, கயல், வில் மூன்றும் ஒரே முத்திரையில்: எப்படிப் படிப்பது?

#1 வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக் கண்காட்சி ஒன்றுக்கு விளக்க அட்டைகள் எழுத வேண்டும். கையில் இருப்பவை: சோழர் செப்பேட்டு முத்திரையின் பெரிய படம், சங்ககாலக் காசுகளின் படங்கள் சில, வயல் வரப்பில் நிற்கும் சூலக்கல்லின் படம் ஒன்று.

என் கேள்விகள்:
1. சோழ முத்திரையில் புலியோடு இரண்டு மீனும் வில்லும் இருக்கின்றன. "மூவேந்தர் ஒற்றுமையின் சின்னம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. சரியா?
2. காசில் உள்ள விலங்கு புலியா சிங்கமா என்று எதை வைத்துச் சொல்வது?
3. சூலக்கல் என்பது சிவன் கோயில் இருந்த இடம் என்று எழுதிவிடலாமா?

அட்டைக்கு ஐம்பது அறுபது சொல்தான் இடம்.

#2 செப்பேட்டுப்பித்தன்

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: ஒற்றுமை இல்லை, உரிமை கோரல்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முத்திரையின் மேலே வெண்கொற்றக்குடை. குடைக்கு இருபுறமும் சாமரம். பக்கங்களில் குத்துவிளக்கு. குடையின் நேர் கீழே உட்கார்ந்த நிலையில் புலி. புலிக்கு முன்னால் நெட்டுக்குத்தாக இரண்டு கயல். இவற்றுக்கெல்லாம் அடியில் கிடைமட்டமாக வில். வட்ட விளிம்பைச் சுற்றிக் கிரந்த எழுத்தில் வடமொழி வாசகம்.

இதில் அரசமரியாதை எல்லாம் புலியைச் சுற்றி அமைந்தது. மீன் புலியின் முன்னால் நிற்கிறது, வில் காலடியில் கிடக்கிறது. ஒப்பந்தம் செய்துகொண்ட மூன்று அரசர்களின் சின்னம் என்றால் மூன்றும் ஒரே அளவில், ஒரே வரிசையில் நிற்க வேண்டும் அல்லவா?

எழுத்து இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையின் வாசகம்: "ராஜத் ராஜந்ய மகுட ச்ரேணி ரத்நேஷு சாஸநம் ஏதத் ராஜேந்த்ர சோளஸ்ய பரகேசரி வர்மண:". ஒளிவீசும் அரசர்களின் மகுட வரிசையில் உள்ள மணிகளின் மேல் பதியும் ஆணை இது, பரகேசரிவர்மனான இராசேந்திர சோழனுடையது என்று பொருள். மற்ற அரசர் தலைமேல் என் ஆணை என்று எழுதிவிட்டு நடுவில் நட்புச் சின்னம் யாராவது பொறிப்பார்களா?

#3 காசுப்பெட்டி

பித்தன் ஐயா சொல்வது சரி. ஆனால் "வென்ற பிறகு சேர்த்தார்கள்" என்று அட்டையில் எழுதிவிடாதீர்கள், அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது.

புலியும் மீனும் சேர்ந்து வருவது இராசராசனுக்கு முன்பே உண்டு. வால்டர் எலியட் படம் வரைந்து வெளியிட்ட உத்தம சோழன் பொற்காசில் உட்கார்ந்த புலியும் அதன் எதிரே மீனும், சுற்றிலும் உத்தம சோழன் பெயரும் இருக்கின்றன. உத்தமன் ஆட்சி ஏறத்தாழ 970 முதல் 985 வரை. பாண்டிநாடு அவன் கையில் உறுதியாக இருந்த காலம் அல்ல. பிறகு மீன் எப்படி? முதலாம் பராந்தகன் "மதுரை கொண்ட கோப்பரகேசரி" என்று போட்டுக்கொண்டது பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இரண்டாம் ஆதித்தன் "வீரபாண்டியன் தலைகொண்ட" என்று போட்டுக்கொண்டான். பட்டம் ஒருமுறை குடும்பத்துக்கு வந்துவிட்டால் நிலம் கைவிட்டுப் போனாலும் சின்னம் போகாது. ஆகவே மீனை வைத்து "இந்த ஆண்டில் மதுரை சோழர் வசம்" என்று கணக்குப் போடக்கூடாது.

இரண்டாம் கேள்வி, புலியா சிங்கமா. வரி தெரிகிறதா என்று தேடாதீர்கள், தேய்ந்த காசில் வரி நிற்காது. பார்க்க வேண்டியவை இவை:

- பிடரி. கழுத்தைச் சுற்றித் தடித்த மேடு இருந்தால் சிங்கம்.
- காசின் மறுபக்கம். விலங்கைவிட இதுதான் நம்பகமானது. சங்ககாலச் சோழர் செப்புக்காசுகள் பெரும்பாலும் சதுரம் அல்லது செவ்வகம். யானை ஒருபுறம், வாலைத் தூக்கி முன்காலை உயர்த்திய புலி மறுபுறம்.
- கிடைத்த இடம். விஷ்ணுகுண்டின் காசிலும் முன்காலைத் தூக்கிய விலங்குதான், ஆனால் அது சிங்கம், ஆந்திரப் பகுதி. கதம்பர் முத்திரையிலும் சிங்கம்தான்.

கிடைத்த இடம் தெரியாமல் வியாபாரி சொன்ன பெயரை நம்பிப் பட்டியல் போட்டால் பாதிக்குப் பாதி தப்பாகும்.

#4 வைகைக்கரை

மிக்க நன்றி. பாண்டியர் பெருவழுதிக் காசின் படமும் இருக்கிறது. அதில் மீனே தெரியவில்லை, ஏதோ கோணல்மாணலாகக் கோடுகள்தான் இருக்கின்றன. படம் தலைகீழாக அச்சாகிவிட்டதா?

#5 காசுப்பெட்டி

தலைகீழ் இல்லை, அதுதான் மீன். பெருவழுதிக் காசில் ஒருபுறம் குதிரை, அதன் மேலே தமிழ்-பிராமியில் "பெருவழுதி" என்ற பெயர். மறுபுறம் மீனைக் கோட்டுருவமாகச் சுருக்கி வரைந்திருப்பார்கள். செதிலும் துடுப்பும் வைத்த நிஜ மீனை எதிர்பார்த்தால் கண்ணுக்குப் படாது. இடைக்காலப் பாண்டியர் காசில் வரும் இரட்டைக் கயலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எல்லோரையும் குழப்புகிறது. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு இடைவெளி. அட்டையில் மீன் பக்கத்தை அப்படியே விடாமல் கோடுகளைச் சிவப்பு மையில் தனியாக வரைந்து பக்கத்தில் ஒட்டுங்கள், பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

சேரர் காசுக்கு வில், அம்பு, யானை. மாக்கோதை, குட்டுவன் கோதை பெயர் பொறித்த வெள்ளிக்காசுகளில் மட்டும் உரோமர் காசுபோல முகம் வரும்.

#6 செப்பேட்டுப்பித்தன்

முத்திரையைக் காட்டிக் காலம் சொல்லும்போது எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. உங்கள் படம் எந்தச் செப்பேடு என்று பாருங்கள். ஆனைமங்கலச் செப்பேடு, அதாவது பெரிய லெய்டன் செப்பேடு என்றால் கவனம் தேவை.

21 ஏடுகள், ஏறத்தாழ 30 கிலோ. ஐந்து ஏடு வடமொழி, பதினாறு ஏடு தமிழ். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கொடுக்கப்பட்ட செய்தி. கொடை இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில். ஆனால் வளையத்தில் இருப்பது இராசேந்திரனின் முத்திரை. அப்பன் கொடுத்ததை மகன் செப்பில் ஏற்றி நிலைப்படுத்தினான். ஆகவே கொடையின் காலம் வேறு, முத்திரையின் காலம் வேறு. "இராசராசன் முத்திரை" என்று இதே படத்துக்குக் கீழே எத்தனை இடத்தில் அச்சிட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும்.

விளிம்பு வாசகம் முழுதும் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "கேசரி" என்ற கூட்டத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முன்னால் இருப்பது "பர" என்றா "ராஜ" என்றா? சோழர் இந்த இரண்டு பட்டத்தையும் மாற்றி மாற்றிச் சூடினார்கள். இராசராசன் இராசகேசரி, இராசேந்திரன் பரகேசரி, முதலாம் இராசாதிராசன் இராசகேசரி, இரண்டாம் இராசேந்திரன் பரகேசரி. பட்டத்து இளவரசன் அரியணை ஏறுமுன் இறந்த இடத்தில் இந்த ஒழுங்கு உடையும்: இரண்டாம் ஆதித்தனும் பரகேசரி, அடுத்து வந்த உத்தமனும் பரகேசரி.

இன்னொன்று. வளையம் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்பதைச் செப்பேட்டைப் பதிப்பித்தவர் குறிப்பில் தேடுங்கள். ஏடுகளின் இடது ஓரத் துளையில் வளையத்தை நுழைத்து, அதன் இரு முனையையும் முத்திரையின் அடிப்பாகத்தில் வைத்து மூடிவிடுவார்கள். வளையத்தை அறுக்காமல் ஒரு ஏட்டைச் செருகவும் முடியாது, உருவவும் முடியாது. முத்திரையின் வேலையே அதுதான், அழகுக்கு வைத்ததல்ல. வளையம் அறுபட்டிருந்தால் இந்த ஏடுகளும் இந்த முத்திரையும் முதலில் இருந்தே ஒன்றாக இருந்தவை என்பதற்குத் தனிச்சான்று வேண்டும். மேலைக் கங்கர் பெயரில் வந்த போலிச் செப்பேடுகளில் யானை முத்திரை நன்றாகவே இருக்கும். எழுத்தமைதியும் காலக்கணக்கும்தான் காட்டிக்கொடுத்தன.

#7 மைப்படி

படம் மோசமாக இருந்தால் இவ்வளவும் வீண் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முத்திரை புடைப்பு. கல்வெட்டு பள்ளம். இரண்டுக்கும் முறை வேறு. முத்திரைக்குப் பக்கவாட்டு வெளிச்சம் மட்டும் போதும்: அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கை மேல் இடப்பக்கம், கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் திசையில், தாழ்வாக வையுங்கள். விளக்கு கீழிருந்து அடித்தால் புடைப்பு பள்ளமாகவும் பள்ளம் புடைப்பாகவும் கண்ணுக்குத் தெரியும். புலி குழிக்குள் போய்விடும். நான்கு திசையிலும் ஒவ்வொரு படம் எடுங்கள். பத்து மணிப் படத்தில் மறைந்த வில்நாண் இரண்டு மணிப் படத்தில் வரும். அளவுகோல் ஒன்று படத்துக்குள் இருக்கட்டும். நேர் எதிரே பிளாஷ் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

கல்லுக்கு மைப்படி. கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, எழுத்துக்குள் இருக்கும் சுண்ணாம்பையும் பாசியையும் எடுக்க வேண்டும். கம்பி பிரஷ் கூடாது, மூங்கில் குச்சி போதும். தாளை நீரில் நனைத்துக் கல்லில் ஒட்டி, கெட்டி மயிர் பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்துக்கொண்டே போக வேண்டும்; ஓரத்திலிருந்து தொடங்கினால் காற்று நடுவில் மாட்டிக்கொண்டு அங்கே எழுத்து விழாது. தாள் பள்ளத்துக்குள் இறங்கியதும் கொஞ்சம் உலர விட்டு, மை தோய்த்த துணிப்பந்தால் மெல்ல ஒற்றி எடுங்கள். ஈரம் அதிகமாக இருக்கும்போது ஒற்றினால் மை பள்ளத்துக்குள் கசிந்து எழுத்து அடைபடும். முழுதும் காய்ந்த பிறகு ஒற்றினால் தாள் கல்லை விட்டுக் கிளம்பிவிடும். சரியாக வந்தால் கறுப்புத் தரையில் எழுத்து வெள்ளையாக நிற்கும், நேராகவே படிக்கலாம்.

செப்பையோ காசையோ புளி, எலுமிச்சை, சாம்பல், பாத்திரம் துலக்கும் பொடி எதைக்கொண்டும் துலக்கக் கூடாது. கரும்பச்சையாகக் கெட்டியாகப் படிந்தது பாதுகாப்பு. வெளிர்பச்சையாக, தொட்டால் மாவாக உதிரும் புள்ளி இருந்தால் உள்ளே குளோரைடு அரிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை ஈரம் படாமல் வைத்து வேதியியல் பாதுகாப்பாளரிடம் காட்ட வேண்டும்.

#8 புலிப்படை77

எல்லாம் சரி. இன்றைக்குக் கொடியில் புலி வைத்திருக்கிறவர்கள், மீன் வைத்திருக்கிறவர்கள் பற்றியும் பேசலாமே?

#9 மட்டுறுத்துநர்

வேண்டாம். இந்த இழை செப்பேடு, காசு, கல் வரைக்கும்தான். கட்சிக்கொடி, இயக்கக்கொடி பற்றிய பதிவுகள் நீக்கப்படும்.

#10 வடமராட்சியான்

இலங்கைப் பக்கத்தால் இரண்டு விஷயம்.

திருகோணமலைக் கோட்டை வாசற் கற்களில் இரட்டைக் கயல் செதுக்கிக் கிடக்கு. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லுகளைக் கொண்டே 1624இல் கோட்டை கட்டினவை. அதே வாசலில் "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் கல்வெட்டும் இருக்கு. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் இலங்கைக்குப் படையெடுத்து வந்ததோடு சேர்த்துத்தான் அந்தக் கயலை ஆய்வாளர்கள் விளக்குகினம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேணும்: கல் இடம் மாறின கல். கயல் கோயிலில் எந்த இடத்தில் இருந்தது என்று இப்ப நிற்கிற இடத்தை வைத்துச் சொல்ல ஏலாது.

மற்றது சேதுக் காசு. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டது. ஒரு பக்கம் நிற்கிற மனித உருவம், மறுபக்கம் படுத்திருக்கிற நந்தி, மேலே பிறை, கீழே "சேது" என்ற தமிழ் எழுத்து. நந்தியைக் கண்டதும் பல்லவர் காசு என்று விற்கிற ஆக்கள் இருக்கினம். எழுத்தைப் பாருங்கோ. பல்லவர் காசில் சேது வராது. மனித உருவப் பக்கம் சோழர் காலத்து ஈழக்காசின் வழி வந்தது. இராசராசன் பெயரோடு புழங்கின அதே வார்ப்பு பிறகு சிங்கள மன்னரின் காசிலும் வந்து, யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. மக்கள் கைக்குப் பழகின காசை ஒருத்தரும் சட்டென்று மாற்றுறதில்லை.

#11 செப்பேட்டுப்பித்தன்

வடமராட்சியார் கயலைத் தொட்டதால் ஒரு எச்சரிக்கை. கோயில் மேற்கூரையில் மீன் கண்டால் எல்லாம் பாண்டியச் சின்னம் ஆகிவிடாது. பாம்பு மதியை விழுங்குவது, மீன், ஆமை, பல்லி என்று விதானத்தில் பல உருவங்கள் உண்டு. அரச இலச்சினை என்றால் கயல் இரட்டையாக, நிமிர்ந்து இருக்கும். நடுவே வளைந்த முனை கொண்ட செண்டு இருந்தால் ஐயமே வேண்டாம். தனி மீன் கிடையாக நீந்தினால் அதை விட்டுவிடுங்கள்.

காளை விஷயத்திலும் அப்படித்தான். பல்லவர் காசக்குடிச் செப்பேட்டு முத்திரையில் காளையோடு இலிங்கமும் இருக்கிறது. வேங்கிச் சாளுக்கியருக்கு வராகம், கூடவே அங்குசம், "ஸ்ரீ த்ரிபுவநாங்குச" என்ற எழுத்து. விசயநகரத்துக்கும் வராகம்தான், ஆனால் வாளும் சூரியனும் சந்திரனும் சேர்ந்து வரும். விலங்கு ஒன்றை மட்டும் பார்த்து ஆள் யார் என்று சொல்லாதீர்கள். கூட என்ன நிற்கிறது என்பதுதான் துப்பு.

#12 நடுகல்நேசன்

படைக்குள் சின்னம் எப்படி வேலை செய்தது என்பதையும் சேர்க்கலாம். கொடி தேரிலும் யானையிலும் இருக்கும். காலாளுக்கு அடையாளம் பூ. தொல்காப்பியம் சொல்லும் வரிசை போந்தை, வேம்பு, ஆர்: சேரனுக்குப் பனை, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. புழுதி கிளம்பிய களத்தில் தலையில் இருக்கும் பூவைப் பார்த்துத்தான் நம்மாளா எதிராளா என்று தெரியும்.

இந்த ஏற்பாடு எங்கே கவிழும் என்பதற்குப் புறநானூற்றிலேயே சான்று இருக்கிறது. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதியபோது கோவூர்கிழார் பாடிய 45ஆம் பாட்டைப் பாருங்கள். எதிரே நிற்பவன் சூடியது பனம்பூவும் இல்லை வேம்பும் இல்லை, உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். ஒரே குடிக்குள் போர் என்றால் அடையாளப்பூ பயனில்லை.

"இமயத்தில் புலி பொறித்தான்" பற்றிக் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சேரனின் விற்பொறி இமயத்தில் இருந்ததாகப் புறநானூறு 39 பேசுகிறது. மூவேந்தருக்கும் இதே பெருமையை இலக்கியம் தருகிறது. இமயத்தில் அப்படி ஒரு பொறி கிடைத்ததாகத் தொல்லியல் சான்று இல்லை. அட்டையில் "இலக்கியம் கூறுகிறது" என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால் போதும், சண்டை வராது.

#13 கல்லும்கள்ளியும்

மூன்றாம் கேள்வியை யாரும் தொடவில்லை. சூலக்கல் நிற்கும் இடத்தில் சிவன் கோயில் இருந்தது என்று எழுத வேண்டாம். பெரும்பாலும் அங்கே கோயில் இருந்திருக்காது, நிலம்தான் இருந்திருக்கும். அது எல்லைக்கல்.

சூலம் பொறித்தது சிவன் கோயிலுக்கு விட்ட தேவதானம். சக்கரம் பொறித்தது திருவாழிக்கல், பெருமாள் கோயிலின் திருவிடையாட்டம். மேலே மூன்று அடுக்குக் குடை இருந்தால் முக்குடைக்கல், சமணப் பள்ளிக்கான பள்ளிச்சந்தம். பிற்காலத்தில் குடையும் கமண்டலமும் ஏந்திய வாமனன் உருவத்தோடு வாமனக்கல்லும் உண்டு. மாபலியிடம் மூவடி மண் கேட்ட கதைதான் அதற்குக் காரணம்.

கல் நட்டதற்கு முன்னால் ஒரு பெரிய நடைமுறை இருந்தது. அரசன் வாய்மொழியாகச் சொல்வதைத் திருமந்திர ஓலை எழுதுபவன் எழுதுவான். ஓலைநாயகங்கள் ஒப்பிட்டுக் கையெழுத்திடுவார்கள். புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்தில் பழைய வரியை நீக்கிப் புதிய கணக்கை ஏற்றுவார்கள். பிறகு ஓலை நாட்டாருக்குப் போகும். நாட்டார் அதை எதிர்கொண்டு தொழுது வாங்கித் தலைமேல் வைத்து, பெண்யானையை எல்லை நெடுக நடத்திக்கொண்டே போவார்கள். செப்பேடுகளில் "பிடிசூழ்ந்து", "கல்லும் கள்ளியும் நாட்டி" என்று வருவது இதைத்தான். கல்லை ஒருவன் இரவோடு இரவாகப் பெயர்த்துவிடலாம்; வரிசையாக வளர்ந்த கள்ளியைப் பெயர்த்தால் ஊருக்கே தெரியும். இரண்டையும் சேர்த்து நட்டது அதனால்தான் என்பது என் கணிப்பு.

உங்கள் கல்லில் பார்க்க வேண்டியது: சூலத்துக்குக் கீழோ பின்புறமோ எழுத்து உண்டா, சூலம் எந்தப் பக்கம் பார்க்கிறது, அரை பர்லாங்குக்குள் இன்னொரு கல் இருக்கிறதா. இரண்டு மூன்று கல் கிடைத்தால் வருவாய்த்துறைப் புலப்படத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள், பழைய எல்லை கண்ணில் படும். உழும்போது இடைஞ்சல் என்று கல்லை வரப்புக்கு நகர்த்துவது சகஜம். அப்படி நகர்ந்த கல்லை வைத்து எல்லை வரைந்தால் தப்பு.

#14 வணிகசாத்து

அரசனுக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் சின்னம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளில் மேலே ஒரு படவரிசை இருக்கும்: மேழி, கத்தி, கோடரி, சம்மட்டி, முரசு, விளக்கு, பொதிப்பை. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் கல்லில் தொழிற்கருவிகள் நிறைய வரும். சித்திரமேழிப் பெரியநாட்டார் கல்லில் ஏர் நடுவில் நிற்கும், பக்கத்தில் விளக்கும் சாமரமும். அரச முத்திரையில் புலி இருக்கும் இடத்தில் கலப்பையை வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த கல் இதுதான். உழவர் சங்கம் இவ்வளவு துணிச்சலாகத் தன்னைக் காட்டிக்கொண்டது வேறெங்கும் பார்க்கக் கிடைக்காது.

இந்த ஐந்நூற்றுவரின் தமிழ்க் கல்வெட்டு சுமத்திராவில் பாருஸ் அருகே லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தேதியோடு கிடைத்திருக்கிறது.

#15 கொங்குக்கல்

> அரசனுக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் சின்னம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது

சரிதான், ஆனால் "துணிச்சல்" என்பதை ஏற்க முடியவில்லை. சின்னத்தைத் தானாக எடுத்துக்கொள்ள முடியாது, மேலே இருப்பவர் தர வேண்டும். கொங்குக் கல்வெட்டுகளில் கம்மாளருக்கு இரட்டைச் சங்கு ஊதவும் பேரிகை கொட்டவும் செருப்பு அணியவும் வீட்டுக்குச் சாந்து பூசவும் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டம் சூடிய அரசன் அனுமதி கொடுத்தது இருக்கிறது. அனுமதி கொடுத்துக் கல்லில் வெட்டினான் என்றால் அதற்கு முன் அந்த உரிமை இல்லை என்றுதானே பொருள்?

சின்னம் யாருடையது என்பதில் வந்த வம்புக்குக் காளத்திக் கல்வெட்டைச் சொல்லலாம். முதலாம் குலோத்துங்கன் காலம். கோயில் தேவரடியார் சிலருக்கு அரண்மனை இலச்சினையைத் தவறாகப் பொறித்துவிட்டார்கள். முறையீடு போனதும் அதை அழித்துச் சூலம் பொறிக்கச் சொல்லி ஆணை வந்தது. மனித உடம்பில் இட்ட பொறியும் எல்லைக்கல்லில் வெட்டிய சூலமும் சொன்னது ஒன்றையேதான்: இது இன்னாருக்கு உரியது. பள்ளி அட்டைக்கு வேண்டாம் என்று நினைப்பீர்கள். என்னைக் கேட்டால் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்காவது இது தெரிய வேண்டும்.

#16 வணிகசாத்து

கம்மாளர் ஒரு ஊரில் இருக்கும் தொழிற்குடி. ஐந்நூற்றுவர் தனிப்படை வைத்து, எறிவீரப்பட்டினம் என்று காவல் ஊர்களையே அமைத்தவர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அவர்கள் சின்னத்துக்கு யார் அனுமதி தந்தார்கள் என்று ஒரு கல்வெட்டைக் காட்டுங்கள், பேசலாம்.

#17 சிப்பாய்மகன்

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. மெட்ராஸ் ரெஜிமென்ட் தொப்பி வில்லையில் இருக்கும் யானை சேரர் யானையா, கங்கர் யானையா?

#18 நடுகல்நேசன்

இரண்டும் இல்லை. அது அசாயே யானை. 1803 செப்டம்பர் 23 அன்று ஆர்தர் வெல்லெஸ்லி தலைமையில் கம்பெனிப்படை மராட்டியரோடு அசாயேயில் பொருதது. இன்றைய மகாராட்டிரப் பகுதி. அந்தப் போரில் நின்ற மதராஸ் பட்டாளங்களுக்குக் கம்பெனி யானைச் சின்னத்தைப் பரிசாகக் கொடுத்தது. இன்றைய வில்லையில் கேடயத்தின் மேல் யானை, பின்னால் குறுக்கிட்ட இரண்டு வாள். பழைய தமிழ் அரசோடு இழுத்துக் கட்ட வேண்டியதில்லை. பட்டாளத்துக்காரரிடம் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கே இது பாடம்.

#19 வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. முதல் அட்டையின் வரைவு இது, வெட்டித் திருத்துங்கள்:

"சோழர் அரச முத்திரை. குடையின் கீழ்ப் புலி. அதன் முன் பாண்டியரின் இரட்டைக் கயல். அடியில் சேரரின் வில். பாண்டிய, சேர நாடுகளை வென்ற பின் இராசராசன் இதை உருவாக்கினான். செப்பேடுகளைக் கோத்த வளையத்தை மூடி, ஏடு எதுவும் மாறாமல் காத்தது."

இரண்டாம் அட்டைக்கு: "சூலக்கல். சிவன் கோயில் நிலத்தின் எல்லை."

#20 செப்பேட்டுப்பித்தன்

நடு வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். காசுப்பெட்டியார் #3இல் சொன்ன உத்தம சோழன் காசு அதை ஒப்பாது. பதிலுக்கு: "பாண்டியர், சேரர் மேல் சோழர் கோரிய மேலாண்மையை இது காட்டுகிறது." படம் எந்தச் செப்பேட்டின் முத்திரை என்பதைப் பெயரோடு போடுங்கள். திருவாலங்காடு என்றால் 31 ஏடுகள், 1905இல் வெளிப்பட்டது, முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கொடை, பழையனூர் என்ற ஊர் கோயிலுக்கு விடப்பட்டது. அதிலும் ஒரு முடிச்சு: வடமொழிப் பகுதி கங்கைப் படையெடுப்பைப் பேசுகிறது. அது ஆறாம் ஆண்டுக்குப் பிந்திய நிகழ்ச்சி, ஆகவே அந்தப் பகுதி பிறகு எழுதிச் சேர்த்தது. அட்டையில் வேண்டாம், யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

#21 கல்லும்கள்ளியும்

இரண்டாம் அட்டையில் "நிலத்தின் எல்லைக்கல்" என்று போடுங்கள். "எல்லை" என்று மட்டும் இருந்தால் கல்லுக்கு அந்தப் பக்கம் கோயில் இருந்தது என்று படிப்பார்கள். கல்லைக் கண்காட்சிக்காகப் பெயர்த்துக் கொண்டுவரும் யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே தடுத்துவிடுங்கள். படமும் மைப்படியும் போதும். எழுத்து இருந்தால் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு எழுதிப் போடுங்கள்.

மண்ணுக்குள்ளிருந்து காசோ செப்போ கிடைத்தால் வழி வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் கிடைத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி. நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாகப் போகும். கழுவாமல், பங்கு போடாமல், கிடைத்த பானையோடு சேர்த்தே ஒப்படைக்கச் சொல்லுங்கள். பானை உடைந்தது என்று ஓட்டை எறிந்துவிட்டால் காசின் காலத்தைச் சரிபார்க்க இருந்த வழி ஒன்று போய்விடும்.

#22 வடமராட்சியான்

சேதுக் காசின் படம் வேணுமெண்டால் இரண்டு பக்கமும் தனிமடலில் அனுப்புறன். எழுத்துப் பக்கத்தைப் பெரிதாகப் போடுங்கோ.